சரித்திரப் படங்களும் மன்னர் உடையும்



கொள்ளிடத்திற்கு வடபால் அமைந்த ஏலாக்குறிச்சி சிற்றூரேயாயினும், தமிழ் வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. இத்தாலி நாட்டினின்று போந்த வீரமாமுனிவர் (1680–1747) இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, நெடுங்காலம் இங்கு வாழ்ந்தனர். அவர் காவியங்கியும் தலைப்பாகையும் பூண்டு இந்நாட்டுத் துறவியரைப் போல விளங்கினார் என்று அவர்தம் சரிதம் எழுதினோர் கூறுவர். கோணான்குப்பத்து ஆலயத்திற்குரிய மாதாவின் திருவுருவத்தைத் தமிழ் மகளிர் உடையோடு அமைப்பித்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. ஒரு நாட்டாரோடு உறவாட விரும்புவோன் அவர் மொழியை மட்டுமன்றி உடையையும் கற்றல் வேண்டுமென்பதை அயல்நாட்டார் ஒருவர் உணர்ந்திருந்தனர். இந்நாட்டிலேயே பிறந்த நாமோ, நம் பண்டை மன்னர் உடுத்தது யாதென்றும் அறியாமல், திரைப்படத்தில் கண்டதே மெய்யென நம்பியிருக்கின்றோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறுதும். சில ஆண்டுகட்கு முன் ஒரு பள்ளி விழாவில் இராசராசன் நாடகம் நடத்தும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. குரல்வளமும் நினைவாற்றலும் மிக்க மாணவன் ஒருவனை அரசனாகத் தேர்ந்தோம். அவன் தந்தையார் கூலி வேலை செய்து பிழைப்பவர். வெல்வெட்டு அங்கியும், சரிகைப் பாகையும், கல் ஒட்டிய முடியும் வாடகைக்கு எடுக்க வேண்டுமென்று யாமே விதித்தோம். அவ்வாடகையைத் தர வழியின்றி அவன் விலகினான். அரசன் வேடம் வேறொருவனைச் சேர்ந்தது. இவனோ இடையில் ஒரு வேட்டியும், வெறுமார்பும், வீட்டில் தொடுத்த பூமாலையுமாக வாயில் காப்போனாய் நின்றான். பின்னர்த் தஞ்சைப் பெருங்கோயில் ஓவியங்களின் நிழற்படங்களை ஊன்றி நோக்கியபோது எம் நெஞ்சு சுட்டது. அன்று அம்மேடையில் சோழர் காலத்து உடையோடு நின்றவன் அவ்வாயில் காப்போன் ஒருவனே!

வெல்வெட்டு அங்கி எங்ஙனம் தமிழ் மன்னன் மேல் ஏறிற்று? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினர் திரைச்சீலைகளையும் பளபளக்கும் உடைகளையும் காட்டி மக்களை மயக்கினர். இரவிவர்மாவின் (1848–1906) ஓவியங்கள் 1894இல் நிறுவப்பெற்ற அவர்தம் அச்சகத்தின் வாயிலாக வீடுதோறும் பரவின. நம் மேடைகளில் ‘ராஜபார்ட்’ நடிகர் இவ்விரண்டையும் தழுவி உடுத்தனர். பேசும்படம் பிறந்தபோது நடிகரும் பாட்டும் உடையும் ஒருங்கே மேடையினின்று திரைக்குக் குடிபெயர்ந்தன. 1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’ கற்பனைக் கதையாகலின் அதற்கு எவ்வுடையும் பொருந்தும். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 18ஆம் நூற்றாண்டுப் பாளையக்காரர் கதையாகலின் அங்கியும் பாகையும் ஓரளவு பொருந்தும். ஆனால் அதே உடையை அவர்க்கு எண்ணூறு ஆண்டுகள் முற்பட்ட சோழனுக்கு அணிவிப்பது எங்ஙனம் பொருந்தும்?

சான்று நம் கண்முன்னரே உளது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த சுற்றுப்பாதையில், நாயக்கர் காலத்துப் பூச்சின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்துகிடந்தமையை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு உலகிற்கு அறிவித்தனர். அவற்றில் ஆடவர் இடையில் மெல்லிய ஆடையும், மார்பில் அணிகளும், முடித்த கொண்டையுமாகக் காணப்படுகின்றனர். ஆடல் மகளிரின் இடையாடையில் நுண்ணிய பூ வேலைப்பாடு விளங்குகின்றது. வெம்மை மிக்க காவிரி நாட்டில் நெய்தற்கலை வல்லோர் வாழ்ந்த காலத்து உடை அது.

அணிகலன்களுக்கோ கல்வெட்டே கணக்குப் புத்தகம். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த திருப்பட்டம், ஏகாவல்லி, வாகுவலயம், திருப்பட்டிகை முதலியன கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனும் நிறையோடு அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. முத்துக்களைக்கூட வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம் என வகைபிரித்து எண்ணியிருக்கின்றனர். இவை இறைவன் திருமேனிக்கு ஈந்தவை என்பது உண்மை. எனினும் அக்காலப் பொற்கொல்லரின் கைத்திறத்தை அறிய இவற்றினும் சிறந்த சான்று வேறு யாது வேண்டும்?

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் கடன். சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் நூல்விதிப்படி அமைந்த தெய்வ வடிவங்கள். வீதியில் நடந்த மாந்தரின் உடையை அவை அப்படியே காட்டா. மெல்லிய துகிலைச் சிற்பி சில கோடுகளால் மட்டும் குறிப்பதும் உண்டு. ஆதலின் கல்லில் ஆடை புலப்படவில்லையெனின் அம்மாந்தர் ஆடையின்றி இருந்தனர் என முடிவு கட்டுதல் தவறு.

திரைப்பட உடையமைப்பாளர் தொழில் எளிதன்று. அவர் கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திரத்திற்கும் படம் வரைந்து, துணி தேர்ந்து, சாயம் தோய்ப்பர். புதுத்துணியைத் தேயிலை நீரில் நனைத்தும், உரசித் தேய்த்தும் பழமை ஏற்றுவர். போர்க்காட்சிக்கு ஒரே உடையைப் பல படியாகத் தைப்பர். இத்தொழிலின் பெருமையை உலகறியச் செய்தவர் கோலாப்பூரிற் பிறந்த பானு அத்தையா. ‘காந்தி’ படத்திற்காக 1983இல் ஆஸ்கார் பரிசை ஜான் மொல்லோவோடு பகிர்ந்துகொண்ட அவரே அப்பரிசு பெற்ற முதல் இந்தியர்.

இனி நம் வட்டாரத்தோடு தொடர்புடைய படத்திற்கு வருவோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தபோது ஓவியர் மணியம் படம் வரைந்தார். வந்தியத்தேவனையும் குந்தவையையும் ஒரு தலைமுறை அவர் கண்ணாற் கண்டது. மணிரத்தினம் அதனை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்குக் கொணர்ந்தபோது, ஏகா லகானி உடைகளை வகுத்தனர். அணிகலன்களை ஐதராபாத்துக் கிஷன்தாஸ் நகையகத்தார் செய்தளித்தனர். கல்வெட்டும் ஓவியமும் ஒரு புறம், மணியத்தின் சித்திரம் ஒரு புறம், இக்காலத்தார் விருப்பம் மற்றொரு புறமென, இத்தகைய பணியில் உடையமைப்பாளர் மூவருக்கு விடைகூற வேண்டியவராகின்றார்.

அப்படத்தில் மகளிர்க்கு மேலாடை உண்டு. இது சரித்திரப் பிழையென்று சிலர் இகழக்கூடும். யாம் அங்ஙனம் கருதோம். பிற்காலத்தில் மேலாடை மறுக்கப்பட்ட மகளிர் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் போராடி, 1859இல் அரசாணையால் அவ்வுரிமையின் ஒரு பகுதியைப் பெற்றனர். அத்துணைத் துன்பத்தால் ஈட்டிய உரிமையை நினையும் கண்களே இன்று படம் காண்கின்றன. ஆதலின் உடையமைப்பாளர் இவ்விடத்தில் பழமையினின்று விலகுதற்குத் தக்க காரணம் உண்டு. காரணமறிந்து விலகுதல் வேறு; அறியாது வெல்வெட்டைப் போர்த்துதல் வேறு.

கதையில் வரும் பழுவேட்டரையர் ஆண்ட பழுவூர் நம் அரியலூர் மாவட்டத்திலேயே உளது. கீழையூரில் அவர் காலத்து இரட்டைக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசர் தலையில் இறைவன் மாலை சூட்டும் சிற்பமும் நம் மாவட்டத்தின் செல்வமே. படம் பார்க்கச் சென்னைக்கும் திருச்சிக்கும் செல்லும் நம்மவருள் எத்துணைப் பேர் இவ்விடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர்?

அன்பர்காள்! பண்டை மன்னரை எம் முன்னோர் என்று உரிமை பாராட்டாத சங்கம் இந்நாளில் அரிது. சங்க விழாக்களில் பிள்ளைகள் மன்னர் வேடம் பூணுவதும், அதற்கெனக் கடன்பட்டேனும் பெற்றோர் உடை வாடகைக்கு எடுப்பதும் வழக்கமாகிவிட்டன. முன்னோர் என்று உரிமை கொண்டாடுமுன் அவர் உடுத்ததையேனும் அறிதல் நம் கடனன்றோ? வரும் ஆண்டுவிழாவிற்கு முன் நம் பிள்ளைகளைப் பழுவூருக்கும் தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் அழைத்துச் சென்று, கண்டதை வரையச் செய்வோமாக. ஒரு கைத்தறி வேட்டியும், பூமாலையும், தாமே செய்த அட்டை அணிகளுமே மன்னன் வேடத்திற்குப் போதுமென்று சங்கம் விதிப்பதாக.

அங்ஙனமாயின் விழா சரித்திரத்தோடு பொருந்தும். பெற்றோர்க்குக் கடனும் இராது. எம்மால் வாயிலில் நிறுத்தப்பட்ட அம்மாணவனுக்கு யாம் செய்யக்கூடிய கழுவாயும் இதுவே. அரசன் வேடம் அதனை நன்கு நடிப்பவனுக்கு உரியதேயன்றி, வாடகைப் பணம் உடையவனுக்கு உரியதன்று.