குருதி உறையாமை நோயும் மருந்தாய்வுச் சேர்க்கையும்: மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஹீமோபிலியா எனப்படும் குருதி உறையாமை நோயின் ‘ஏ’ வகையில் எட்டாம் உறைகாரணியும் ‘பி’ வகையில் ஒன்பதாம் உறைகாரணியும் குறைந்திருக்கும். காரணியின் அளவு இயல்பில் 1 விழுக்காட்டுக்கும் கீழே போனால் நோய் கடுமையானது. அடிபடாமலேயே மூட்டுக்குள் இரத்தம் கசியும். ஒரு லட்சம் ஆண் பிறப்புகளில் ஏறத்தாழ 25 பேருக்கே ‘ஏ’ வகை உண்டு. அவர்களுள் கடுமையான நோயுடையோர் பத்துக்கும் குறைவு. இத்தனை அரிய நோய்க்குப் புதிய மருந்து காண்போர் பல நாடுகளிலிருந்து ஆட்களைத் திரட்ட வேண்டியிருக்கிறது. நோயாளிகளும் ஆய்வுகளைத் தேடுகிறார்கள். இரு தரப்பும் சந்திக்கும் இடம் இணையப் பதிவேடு என்பது பரவலான எண்ணம். அது பாதியே சரி. சிகிச்சை மையத்தில் நோயாளியின் பெயரில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும் குறிப்புகளே சேர்க்கையைத் தீர்மானிக்கின்றன.

பதிவேடுகளின் பயனை மறுப்பதற்கில்லை. அமெரிக்க அரசின் மருந்தாய்வுப் பதிவேடு 2000 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. நோயின் பெயரையும் ‘மலேசியா’ என்பதையும் இட்டுத் தேடினால், ஆட்களைச் சேர்த்துவரும் ஆய்வுகளைத் தனியே பிரித்துப் பார்க்கலாம். மலேசியாவில் ஓர் ஆய்வு தொடங்குமுன் பல வாசல்களைக் கடக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடப்பவை தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகி, அமைச்சின் ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதலைப் பெறுகின்றன. பதிவுபெறாத மருந்தைத் தருவிக்க, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் உரிமம் வாங்க வேண்டும். மருந்து நிறுவனங்களையும் மருத்துவமனைகளையும் இணைக்க அமைச்சு 2012-இல் ‘கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா’ நிறுவனத்தை அமைத்தது.

ஆனால் ஆய்வு நடத்தும் மருத்துவர் முதலில் புரட்டுவது தம் மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலைத்தான். ‘ஏ’ வகைக்கான வாலோக்டோகோஜீன் என்னும் மரபணுச் சிகிச்சையின் மூன்றாம் கட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதில் சேர்ந்த 134 ஆண்களில் 112 பேர், மருந்து எதுவும் தராமல் கசிவுகளை மட்டும் பதிவுசெய்த முந்தைய கண்காணிப்பு ஆய்விலிருந்து வந்தவர்கள். குறைந்தது 150 நாள்கள் உறைகாரணி ஏற்றிய வரலாறு தேவைப்பட்டது. ஏற்றிய காரணியையே உடல் எதிர்க்கும் ‘இன்ஹிபிட்டர்’ உள்ளவர்களும், மரபணுவைச் சுமந்து செல்லும் வைரசுக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் கொண்டவர்களும் விலக்கப்பட்டனர். எத்தனை கசிவு, எந்த மூட்டு, எத்தனை யூனிட், எந்தத் தேதி என்பன எழுதப்படாத நோயாளி இத்தகைய வாசலில் நிற்கவே இயலாது. கிள்ளானில் கசிவு கண்டபோதெல்லாம் அருகிலுள்ள அவசரப் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் ஒருவரின் வரலாறு பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும். இரத்தநோய்களுக்கான தேசியப் பரிந்துரை மையமான அம்பாங் மருத்துவமனையிலோ வேறு ஹீமோபிலியா மையத்திலோ பெயரைப் பதிந்து, கசிவுக் குறிப்பேட்டை ஒழுங்காக நிரப்பி வருவதே தேடலின் முதல் படி. வான் வில்லிபிராண்டு என்னும் மற்றொரு குருதிக்கசிவு நோயுள்ள பெண்கள் பலர் மாதவிடாய்ப் பெருக்கை இயல்பென்று எண்ணி மருத்துவரிடமே போவதில்லை; எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத அவர்களை எந்த ஆய்வும் தேடி வராது. இது வருந்தத்தக்க குறை.

தமிழ்க் குடும்பங்கள் ஆவலோடு விசாரிக்கும் ஆய்வு வேலூரில் நடந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழு, நோயாளியின் சொந்தக் குருதித் தண்டணுக்களில் லென்டிவைரஸ் வழியாக எட்டாம் காரணிக்கான மரபணுவை ஏற்றி, வீரியமான கீமோதெரபிக்குப்பின் திரும்பச் செலுத்தியது. முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. பங்கேற்றவர்கள் ஐவர், 22 முதல் 41 வயதுக்குட்பட்ட ஆண்கள். ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில், சிகிச்சை பலனளிக்கத் தொடங்கியபின் ஆண்டுக் கசிவு விகிதம் சுழியமாக இருந்தது. இது பெரிய சாதனை. ஆயினும் முதற்கட்ட ஆய்வின் முதன்மை நோக்கம் பாதுகாப்பை அறிவது. அதைக் கிடைக்கக்கூடிய சிகிச்சையாகக் கருதிப் பயணச்சீட்டு எடுப்பது தவறு. இந்திய ஆய்வுகளைத் தேடுவோர் 2007-இல் தொடங்கிய இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டைப் பார்க்கலாம். 2009 முதல் அதில் பதிவு கட்டாயம்.

ஆபத்து வெறும் ஏட்டளவிலானதன்று. 2017-இல் ஃபிட்டுசிரான் என்னும் ஹீமோபிலியா மருந்தின் ஆய்வில் ஒருவர் மூளையின் சிரைக்குழாயில் குருதி உறைந்து இறந்ததால் ஆய்வு நிறுத்திவைக்கப்பட்டது. மருந்தளிப்பு முறை பின்னர் மாற்றப்பட்டது. அமெரிக்க ஒப்புதல் 2025-இல்தான் வந்தது. எனவே ஒப்புதல் படிவத்தைப் புரிந்து கையெழுத்திடுவது அடிப்படையானது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும் என்பது நெறிமுறை. படிக்க இயலாதவருக்குச் சார்பற்ற சாட்சி வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழே பழகிய தாய், மகனுக்காகக் கையெழுத்திடுமுன் தமிழ்ப் படிவத்தைக் கேட்கலாம், கேட்பது உரிமை. மலேசியச் சட்டப்படி 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் இசைவையும் பெறுவது நெறி.

தூரமும் ஒரு நிபந்தனைதான். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, எல்ஆர்டி ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி அம்பாங் தடத்தைப் பிடிக்க வேண்டும். முழங்கால் வீங்கிய நாளில் அது நெடும் பயணம். போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது, வேலைநாள் இழப்புக்கு ஈடு உண்டா, பாதிப்பு நேர்ந்தால் காப்பீடு எது என்பவற்றைச் சேருமுன்பே கேட்டறிய வேண்டும். எந்த ஆய்விலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. செலுத்திய மரபணுவை மட்டும் திரும்ப எடுக்க இயலாது. மரபணுத் தொகுதியோடு இணையும் லென்டிவைரஸ் போன்றவற்றைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்குமாறு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறையாளர்கள் வழிகாட்டியுள்ளனர்.