எதை வெட்டினால் விலை குறையும்?

ஒரு செல்போனின் மிகப் பெரிய சிறப்பு டார்ச் லைட்டாக இருக்க முடியுமா? இருந்தது! 2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ உங்களில் பலர் கையில் வைத்திருந்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளை ஸ்க்ரீன். கேமரா இல்லை, இன்டர்நெட் இல்லை. ஆனால், தலையில் ஒரு குட்டி டார்ச். தூசு புகாத ஒரே விரிப்பாக ரப்பர் கீபேட். வியர்த்த கையிலிருந்து நழுவாதபடி சொரசொரப்பான விளிம்பு. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பல நாள் தாங்கும் பேட்டரி. அவ்வளவுதான் சார்! உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. நோக்கியா விற்ற நூறு கோடியாவது போனும் 1100-தான்; 2005-ல் நைஜீரியாவில் ஒருவர் அதை வாங்கினார்.

மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில், மண்ரோட்டில் நடந்து வீட்டுக்குப் போகிறவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள். மலிவு போனின் சரித்திரமே இந்த ஒரு கேள்வியின் சரித்திரம்தான். விலையைக் குறைக்க வேண்டுமானால் எதையாவது வெட்டியாக வேண்டும். எதை?

இதே கேள்வியை நோக்கியாவுக்கு முன்பே கேட்டவர்கள் பெங்களூருவில் இருந்தார்கள். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் ஒரு மென்பொருள் கம்பெனியும் சேர்ந்து 1998 வாக்கில் தொடங்கிய கனவு, சிம்ப்யூட்டர். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும். ஊருக்கு ஒன்று வாங்கி எல்லோரும் பயன்படுத்தலாம். அவரவர் விவரத்தை அவரவர் ஸ்மார்ட் கார்டில் வைத்துக் கொள்ளலாம். இந்தக் கையில் சாய்த்தால் பக்கம் புரளும் வித்தைகூட அதில் வந்தது. ஐபோனுக்கு மூன்று வருடம் முன்பே!

ஆனால் 2004-ல் கடைக்கு வந்தபோது விலை பத்தாயிரத்தைத் தொட்டது. அதைவிட முக்கியம், அது போன் இல்லை. ஊரில் ஜனங்கள் கேட்டதோ, துபாயில் இருக்கிற மகனோடு பேச ஒரு வழி. வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதைக் கொடுத்த டார்ச் போன் ஜெயித்தது. எல்லாம் கொடுத்து, பேசுவதை மட்டும் விட்ட சிம்ப்யூட்டர் தோற்றது.

அப்புறம் கதை நம்ம ஊர்ப் பக்கம் திரும்புகிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை வந்தது. ஷிஃப்ட் பஸ்களில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் லட்சம் லட்சமாகப் போன்களைச் செய்து அனுப்பினார்கள். எட்டு வருடம்தான். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கிய இந்தத் தொழிற்சாலை மட்டும் கைமாறாமல் தனியே நின்றுபோனது ஒரு காரணம். ஆனால், அதற்கு முன்பே சந்தை ஆண்ட்ராய்டு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதும் உண்மை.

அங்கே விளக்கு அணைவதற்குச் சரியாக ஆறேழு வாரம் முன்பு, செப்டம்பர் 15-ம் தேதி, டெல்லியில் ஒரு விழா. மேடையில் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 'ஆண்ட்ராய்டு ஒன்' அறிமுகம்! மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று இந்தியக் கம்பெனிகள், ஆளுக்கொரு போன். விலை 6,399 ரூபாயிலிருந்து.

இந்தப் போனைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நாலரை இன்ச் ஸ்க்ரீன். ஒரு ஜிபி ராம். இரண்டு சிம். எஃப்.எம். ரேடியோ. பின்னால் 5 மெகாபிக்ஸல் கேமரா. 1,700 எம்ஏஹெச் பேட்டரி. எல்லாவற்றுக்கும் மேலாக கூகுள் கொடுத்த வாக்குறுதி: புது ஆண்ட்ராய்டு வந்தால், நடுவில் யாரும் இல்லாமல் எங்களிடமிருந்தே நேராக உங்கள் போனுக்கு வந்துவிடும். மலிவு போன் வாங்கினவனை மறுநாளே கைகழுவி விடும் அந்நாளைய வழக்கத்தில், இது ரொம்பப் பெரிய விஷயம்.

சரி, எதை வெட்டினார்கள்? மெமரியை. உள்ளே இருந்தது வெறும் 4 ஜிபி. அதிலும் சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக நமக்கு இரண்டு ஜிபி சொச்சம். நாலு ஆப், வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பும் காலை வணக்கப் படங்கள், குழந்தை நடக்கிற வீடியோ இரண்டு... முடிந்தது கதை. 'இடமில்லை' என்று போன் சிணுங்க ஆரம்பித்துவிடும். இடமே இல்லாத போனுக்கு அப்டேட் வந்து என்ன, வராமல் போய் என்ன?

அப்டேட்டை இறக்க டேட்டாவும் வேண்டுமே! அன்றைக்கு ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல். அதனால்தான் ஏர்டெல் சிம் போட்டால் ஆறு மாதத்துக்கு அப்டேட் இலவசம் என்று சலுகை தர வேண்டியிருந்தது. முதலில் ஆன்லைனில் மட்டுமே விற்றார்கள். கையில் எடுத்துப் பார்த்து, கடைக்கார அண்ணாச்சியிடம் நாலு கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள்தானே முதல் ஸ்மார்ட்போன் வாங்குகிறவர்கள்? அவர்களுக்கே கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதே மாதம் ஷியோமியின் ரெட்மி 1எஸ் வந்தது. விலை 5,999. மெமரி இரண்டு மடங்கு, ஸ்க்ரீன் இன்னும் துல்லியம், கேமரா 8 மெகாபிக்ஸல். சூடாகிறது என்று புகார் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நொடிகளில் விற்றுத் தீர்ந்தது. வருங்கால அப்டேட் கண்ணுக்குத் தெரியாது. எட்டு ஜிபி தெரியும். ஜனங்களைக் குறை சொல்ல முடியுமா, சொல்லுங்கள்?

அதற்கும் கீழே இறங்கினவர்கள் உண்டு. 2014 ஆகஸ்டில் 1,999 ரூபாய்க்கு ஃபயர்ஃபாக்ஸ் சிஸ்டத்தோடு ஒரு இன்டெக்ஸ் போன். 128 எம்பி ராம், 3ஜி கிடையாது, முறையான வாட்ஸ்அப் கிடையாது. ஸ்மார்ட்போன் என்று பெயர் மட்டும் இருந்தது. 2016-ல் ஒரு நொய்டா கம்பெனி 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக அறிவிக்க, கூட்டம் தாங்காமல் இணையதளம் படுத்துவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டிய மாதிரி போனில் வேறொரு கம்பெனியின் பெயரை ஒயிட்னர் வைத்து அழித்திருந்தார்கள்! இங்கே வெட்டப்பட்டது போனையேதான்.

தோற்ற ஃபயர்ஃபாக்ஸ் சிஸ்டத்தின் வாரிசுதான் 2017-ல் ஜியோபோனுக்குள் வந்தது. இந்த முறை வெட்டியது டச் ஸ்க்ரீனை, வைத்துக்கொண்டது 4ஜி-யை. 1,500 ரூபாய் டெபாசிட். வாட்ஸ்அப் இல்லாமல் வந்து, 2018-ல் அதையும் சேர்த்துக்கொண்டது. வேறு கம்பெனி சிம் மட்டும் போட முடியாது. பத்து கோடிப் பேருக்கு மேல் வாங்கினார்கள். கூகுளும் பாடம் படித்திருந்தது. மெமரி குறைந்த போன்களுக்கென்றே 2017-ல் ஆண்ட்ராய்டை இளைக்க வைத்து 'கோ' என்று பெயர் சூட்டியது.

இதெல்லாம் வெறும் வியாபாரக் கதை என்று நினைத்தால், 2020-ஐ நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வகுப்பு போனுக்குள் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போகிற போன், அதிலும் மெமரி நிரம்பி வழிகிற போன். மூன்று பிள்ளைகள். எங்கேயோ ஒரு மீட்டிங்கில் 'இவங்களுக்கு இது போதும்' என்று யாரோ வெட்டிய நாலு ஜிபிதான், ஒரு குழந்தையின் கணக்குப் பாடம் திறக்குமா திறக்காதா என்று தீர்மானித்தது. கல்வித் தொலைக்காட்சி இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்கு அந்தப் பாடமும் கிடைத்திருக்காது.

வசதியுள்ளவருக்குப் போன் நாலாவது கருவி. லேப்டாப் இருக்கிறது, டிவி இருக்கிறது, கேமரா இருக்கிறது. மலிவு போன் வாங்குகிறவருக்கு அது ஒன்றேதான் எல்லாம், பேங்க்கும் அதில்தான். ஆக, குறைந்த விலை போனில்தான் தப்பாக வெட்டினால் வலி அதிகம்.

அதனால் அடுத்த தடவை ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ போன் வாங்கித் தரும்போது, கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை மூன்று. சிஸ்டம் போக மிச்சம் எவ்வளவு மெமரி? பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும்? பேட்டரி போனால் பக்கத்து ஊரில் மாற்றித் தருவார்களா?

கடைக்காரர் இரண்டாவது கேள்விக்கு விழிப்பார். விழிக்கட்டும். அவர் விழிக்கிற அந்த போனில்தான் அம்மாவின் பென்ஷன் பணம் வரப் போகிறது.