ஐபீரிய மதுவும் மட்டாஞ்சேரியும்: கிண்ணம், பலிபீடம், சட்டி

கொச்சியின் வணிக வரலாறு பெரும்பாலும் மிளகு வெளியே சென்ற கதையாகவே எழுதப்பட்டுள்ளது. அக்கப்பல்களே எதிர்த்திசையில் ஐபீரியத் திராட்சை மதுவையும் கொண்டுவந்தன. திராட்சை விளையாத ஈரநிலத்தில் எதனை ‘மது’ என ஏற்பது, அதனை யார் முடிவுசெய்வது என்னும் கேள்விகளை அது எழுப்பியது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மட்டாஞ்சேரியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த சமூகங்கள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன.

முதலில் அம்மதுவின் இயல்பு. ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளின் செம்மது திராட்சைத் தோலுடன் சேர்த்துப் புளிக்கவைக்கப்படுவது. அதன் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருபவை. கொழுப்பும் புரதமும் அத்துவர்ப்பைத் தணிப்பதால், சுட்ட ஆட்டிறைச்சி, உப்பிட்ட பன்றியிறைச்சி, முதிர்ந்த பாலாடைக்கட்டி ஆகியவை அதன் இயல்பான துணைகள். கொச்சியின் தட்டோ வேறு. மிளகின் காரத்தையும், போர்த்துகீசியர் வழியே அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயின் எரிவையும் மதுச்சத்து மேலும் கூட்டும். தேங்காய்ப்பால் ஓரளவு அடக்கும். கடற்பயணமும் மதுவுக்குப் பகையாக இருந்தது. மார்ச், ஏப்ரலில் லிஸ்பனை விட்ட கப்பல்கள் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறத்தாழ ஆறு மாதங்களில் இந்தியக் கரையை அடைந்தன. பீப்பாய்க்குள் காற்றும் வெப்பமும் புகுந்தால் மது காடியாக மாறிவிடும். இனிப்பு மிகுந்த மஸ்கட் வகைகள் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தன. எளியோரின் அன்றாடப் பானமாகக் கள்ளே நீடித்ததில் வியப்பில்லை.

பலிபீடத்தில்தான் சிக்கல் கூர்மையடைந்தது. மலபாரின் புனித தோமா கிறித்தவர்கள் உலர் திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைத் திருப்பலிக்குப் பயன்படுத்தி வந்தனர். கொச்சிக்குத் தென்கிழக்கே உள்ள உதயம்பேரூரில், 1599 ஜூனில், கோவா பேராயர் அலெய்சோ டி மெனெசெஸ் கூட்டிய சங்கம் இவ்வழக்கத்தை விலக்கிப் போர்த்துகல் மதுவையே பயன்படுத்தப் பணித்தது. தேவாலயங்களுக்கு ஆண்டுதோறும் மஸ்கட் மது அனுப்புமாறு மன்னரை வேண்டவும் தீர்மானித்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துகீசிய முடி ஸ்பெயின் அரசரிடமே இருந்தமையால், அம்மன்னர் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப் ஆவார். ஒரு கிராமத்துத் திருப்பலி கடல்கடந்த பீப்பாயைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதே அவ்விதியின் நடைமுறைப் பொருள். நிறத்தாலும் சுவையாலும் உண்மையான மது எனத் தெரியுமாயின் உலர் திராட்சை மது செல்லும் என ரோமின் திருப்பேராயம் 1706இல் கூறியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

யூதத் தெருவின் நிலை இதற்கு நேர்மாறானது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோரின் வழியினரையும் உள்ளடக்கிய பரதேசி யூதர்கள், 1568இல் கொச்சி அரசரின் அரண்மனைக்கு அருகிலேயே தம் தொழுகைக்கூடத்தை எழுப்பினர். யூதரல்லாதார் செய்த மதுவை யூதச் சட்டம் விலக்குகிறது. எனவே முன்னோர் நாட்டு மது துறைமுகத்தில் இறங்கினாலும் அவர்தம் ஓய்வுநாள் கிண்ணத்துக்கு அது உதவவில்லை. அவர்கள் வீட்டிலேயே உலர் திராட்சையிலிருந்து மது செய்தனர். யூதச் சட்ட மரபு அதனைத் திராட்சை மதுவாகவே ஏற்கிறது. சங்கம் விலக்கிய அதே பண்டம், சில மைல் தொலைவில் தூய்மையின் அடையாளமாக விளங்கியது.

மூன்றாவது விடை அடுக்களையில் பிறந்தது. மதுவிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் போர்த்துகீசிய முறையின் பெயரே ‘விந்தாலு’ எனத் திரிந்தது. மேற்குக் கடற்கரையில் மதுவின் இடத்தைத் தென்னங்கள்ளின் காடி பிடித்தது. மிளகாயும் மசாலாவும் சேர்ந்தன. பெயரில் மது எஞ்சியது. சட்டியிலிருந்து அது மறைந்தது.

1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் தோமா கிறித்தவர்கள் கூனன் குரிசு சத்தியம் செய்தனர். பேராயர் கார்சியாவுடனான பகையும், அகத்தல்லா என்னும் கீழைத் திருச்சபைத் தலைவர் போர்த்துகீசியரால் சிறைப்படுத்தப்பட்டதும் அதன் உடனடிக் காரணங்கள்; மதுவை ஒரு காரணமாகச் சொல்வது மிகை. எனினும், உள்ளூர் வழக்கத்தைப் பிழையென அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே இரண்டிலும் அடிநாதமாக இருந்த வினா. உணவுப் பண்டங்களின் வரலாற்றைச் சுவையின் வரலாறாக மட்டும் வாசிப்போர் இவ்வினாவைத் தவறவிடுகின்றனர். உலர் திராட்சையும் கள்ளுக்காடியும் மாற்றுப் பொருள்களாக நின்றுவிடவில்லை. நெடுங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த விதிகளை இம்மண் எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்கான சான்றுகளும் அவையே.