ட்ரோன் றெக்கை ஸ்க்ரூ கழலுதா? பசையை எங்கே வைக்கணும், எங்கே வைக்கவே கூடாது!

புதுக்கோட்டைப் பக்கம் ட்ரோன் வாங்கிய யாரைக் கேட்டாலும், ஆசைப் பட்டியலில் சித்தன்னவாசல் இருக்கும். வெட்டவெளியில் எழும்பி நிற்கும் பாறைக்குன்று, சுற்றிலும் வயல்... மேலிருந்து எடுத்தால் செம ஷாட்! என் நண்பன் ஒருவனுக்கும் அதே ஆசை. குன்று மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிடக் கூடாது. அதனால் நன்றாகத் தள்ளிப் போய், அறுவடை முடிந்த ஒரு வயலில் ட்ரோனை ஏற்றினோம்.

நாலாவது நிமிஷம் ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பம்பரம் மாதிரி சுற்றியது, பொத்தென்று விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. "ஏம்ப்பா, இது தலையில விழுந்திருந்தா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. எடுத்துப் பார்த்தால், ஒரு றெக்கையைக் காணோம். அதைப் பிடித்திருந்த, அரிசி மணி அளவு ஸ்க்ரூவும் காணோம்.

அடுத்த தப்பை வீட்டுக்கு வந்து செய்தோம். மெக்கானிக் கடைகளில் 'லாக்டைட்' என்று சொல்வார்களே, அந்தப் பசையை வாங்கி, புது றெக்கையை மாட்டி, எல்லா ஸ்க்ரூவிலும் தாராளமாக விட்டோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஸ்க்ரூ எதுவும் அசையவில்லை. ஆனால், றெக்கையின் அடிப்பகுதியில் முடி மாதிரி மெல்லிய விரிசல்கள்! அப்படியே பறக்கவிட்டிருந்தால் இந்த முறை றெக்கையே உடைந்து பறந்திருக்கும்.

பசை நல்ல பசைதான். வைத்த இடம்தான் தப்பு. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் ட்ரோனும் தப்பிக்கும், கீழே நிற்பவர்களும் தப்பிப்பார்கள்.

ஸ்க்ரூ ஏன் தானாகக் கழலுது?

சின்ன ட்ரோனின் றெக்கை நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த அதிர்வில் ஸ்க்ரூவின் மரையும் மோட்டாரின் மரையும் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். வழுக்க வழுக்கப் பிடி தளரும். பக்கவாட்டு அதிர்வுதான் ஸ்க்ரூவுக்கு முதல் எதிரி என்பதை 1969-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் சோதனை செய்து காட்டினார். நன்றாக முறுக்கி வைத்த ஸ்க்ரூகூட இதில் தப்பாது.

நாலு மோட்டார் ட்ரோனில் மாற்று ஏற்பாடு கிடையாது. ஒரு றெக்கை போனாலே, பெரும்பாலும் சுழன்று விழ வேண்டியதுதான்.

காற்று இல்லாவிட்டால் இறுகும் பசை

மரையில் போடும் இந்தப் பசைக்குப் பெயர் 'த்ரெட் லாக்கர்'. சாதாரணப் பசை காற்று பட்டுக் காயும். இது நேர் எதிர். காற்று இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். இரண்டு உலோக மரைகளுக்கு நடுவே காற்றில்லாமல் சிக்கினால், அந்த உலோகத்தின் தூண்டுதலில் கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறிவிடும். மரைகளின் நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை நிரப்பிவிடுவதால், ஸ்க்ரூ வழுக்க இடமே இருக்காது.

1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வெர்னான் க்ரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் இதை பாட்டிலில் அடைத்து விற்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். 'புது பாட்டில் பாதி காலியா இருக்கே, ஏமாத்திட்டாங்களா?' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே காற்று இருந்தால்தான் பசை கெட்டியாகாமல் இருக்கும். அதனால்தான் அந்தக் காலி இடம்.

கலர் முக்கியம் மக்களே!

கத்தரிப்பூ நிறம்: குறைந்த பிடி. சின்ன ஸ்க்ரூக்களுக்கானது. சாதாரண ஸ்க்ரூ டிரைவராலேயே கழற்றலாம். லாக்டைட்டில் 222 என்ற எண்.

நீலம்: நடுத்தரப் பிடி. கைக்கருவியால் கழற்றலாம். எண் 243. ஆனால், 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் அதிகம் போட்டால், கழற்றும்போது ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோகலாம்.

சிவப்பு: நிரந்தரப் பிடி. கழற்ற சுமார் 250 டிகிரி சூடு வைக்க வேண்டும். அதற்குள் ட்ரோனின் பிளாஸ்டிக் உருகிவிடும், மோட்டாரின் காந்தமும் வலுவிழக்கும். ட்ரோன் பக்கமே வேண்டாம்.

கலர் என்பது உள்ளே இருக்கும் திரவத்தின் நிறம். நீல ரகமும் சிவப்பு பாட்டிலில் வருவதுண்டு. அதனால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நட்டு போல்ட் கடை, பேரிங் கடைகளில் கேட்கலாம்.

பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல்

இதுதான் நாங்கள் செய்த தப்பு. பாலிகார்பனேட், ஏ.பி.எஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் திரவமான த்ரெட் லாக்கர் பட்டால், இறுக்கத்தில் இருக்கும் இடத்தில் விரிசல் விடும். றெக்கையின் நடுப்பகுதி எப்போதும் இறுக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே உலோகத்தோடு ஒட்டாத பசை காயாமல் திரவமாகவே தங்கி, பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே இருக்கும்.

'அப்போ ஃபெவிக்விக் போடலாமா?' வேண்டாம். அது இந்த வேலைக்கானதே இல்லை. ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்ற முடியாமல் போகலாம்.

உங்கள் ட்ரோன் எந்த வகை?

மடக்கும் றெக்கை உள்ள மினி கேமரா ட்ரோன்: ஸ்க்ரூ பிளாஸ்டிக் றெக்கை வழியாகப் போய் மோட்டாரின் உலோக மரையில் இறங்குகிறது. இங்கே சிறந்த வழி, நிறுவனம் தரும் புது றெக்கை செட்டோடு வரும் புது ஸ்க்ரூ. பலவற்றில் மரையிலேயே பசை காய்ந்த பூச்சாக இருக்கும். ஈரம் இல்லாததால் பிளாஸ்டிக்குக்குப் பாதிப்பு இல்லை. ஒருமுறை கழற்றிய பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீர்கள். டி.ஜே.ஐ மினி கையேடு, 30 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை றெக்கை ஸ்க்ரூக்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. அதாவது, ஏறக்குறைய 60 தடவை பறந்த பிறகு. நம்ம ஊர் தூசியில் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பொம்மை ட்ரோன்: ஸ்க்ரூ நேராக பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. த்ரெட் லாக்கர் கூடவே கூடாது. மரை தேய்ந்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.

எஃப்.பி.வி ரேசிங் ட்ரோன்: றெக்கையைப் பிடிப்பது உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. இதற்குப் பசை தேவையில்லை. கையாலேயே சுலபமாகச் சுற்ற முடிகிறது என்றால் நைலான் தேய்ந்துவிட்டது, புது நட்டு மாற்றுங்கள். மோட்டாரை ஃப்ரேமில் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் உலோக மரையில் இறங்குபவை. கத்தரிப்பூ அல்லது நீலப் பசைக்கு இதுதான் சரியான இடம்.

எப்படிப் போடுவது?

1. பேட்டரியைக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மோட்டாரில் மட்டும் கை வையுங்கள். வலம் சுற்றும் றெக்கையும் இடம் சுற்றும் றெக்கையும் மாறிப்போகாது.

2. ஸ்க்ரூ மரையில் எண்ணெய், பழைய பசை இருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

3. பாட்டிலில் இருந்து நேராக விடாதீர்கள். ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையால் தொட்டு, ஸ்க்ரூவின் நுனியில் இருக்கும் இரண்டு மூன்று மரைகளில் மட்டும் தடவுங்கள். தலைக்குக் கீழே வேண்டாம். அதிகமானால் மோட்டாரின் பேரிங்குக்குள் வழிந்து மோட்டாரே இறுகிவிடும்.

4. சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் முறுக்குங்கள். 'இன்னும் ஒரு சுத்து' என்று பலம் காட்டினால் மரை போய்விடும். வெளியே வழிந்ததை உடனே துணியால் துடையுங்கள்.

5. முழுசாக இறுக 24 மணி நேரம் விடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியத்தில் மெதுவாகத்தான் இறுகும். 'பத்து நிமிஷம் ஆச்சே' என்று கிளம்பாதீர்கள்.

6. ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

7. முதல் பறத்தல், ஆள் இல்லாத புல்தரையில் தலை உயரத்துக்கு ஒரு நிமிஷம். இறக்கி, கோட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே ஏற்றுங்கள்.

கிளம்பும் முன்...

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பாருங்கள். ஆனால், பச்சை மண்டலம் என்பதற்காகப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் மேல் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. அங்கே தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

இன்னொன்று. சித்தன்னவாசலின் நிஜமான அழகு மேலிருந்து தெரியாது. அறிவர் கோயிலின் உள்ளே, மேற்கூரையில் இருக்கிறது தாமரைக் குளம். 9-ம் நூற்றாண்டு ஓவியம். மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று எல்லாம் அதில் உண்டு. எந்த ட்ரோனும் அதைக் காட்டாது. டிக்கெட் எடுத்து உள்ளே போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பாருங்கள். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த 24 மணி நேரம் பசையும் இறுகட்டும்.