வேலைச் சீட்டும் குடும்பமும்

1962 யூலைக்கு முன், பொதுநலவாய நாடொன்றின் பிரசை பிரித்தானியாவில் இறங்கிய பின்னரே வேலை தேடலாம். மனைவி மக்களை ஆறுதலாக அழைக்கலாம். அம்மாதம் அமுலுக்கு வந்த குடியேற்றச் சட்டம் இவ்வொழுங்கைக் குலைத்தது. முதலாளி பெயர் குறித்துக் கேட்ட தொழிலாளிக்கு ‘ஏ’, குறித்த திறமையுடையோர்க்கு ‘பி’, ஏனையோர்க்கு ‘சி’ என வேலைச் சீட்டுகள் வகுக்கப்பட்டன. சட்டம் வருமுன் முந்திக்கொண்டு கப்பலேறியோர் பல்லாயிரவர். தடுக்கப் புகுந்த சட்டமே வருகையைப் பெருக்கிற்று!

மனைவிக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தடையில்லை. ஆயின் அப்பதினாறே ஏழைக் குடும்பங்களின் பஞ்சாங்கமாயிற்று. மூத்தவனுக்கு வயது ஏறுமுன் தகப்பனுக்குச் சீட்டுக் கிடைத்தாக வேண்டும். முழுக் குடும்பத்துக்கும் கப்பற் கட்டணம் ஏது? இந்தியாவிலும் பாக்கிஸ்தானிலுமிருந்து சென்ற தகப்பன்மார் பலர், உழைக்கும் பருவத்தை அண்மிய மகனை மாத்திரம் அழைத்தனர். தாயும் பெண்மக்களும் ஊரிலிருந்தனர்.

1962 இல் சட்டத்தை எதிர்த்த தொழிற் கட்சியே, ஆட்சியேறியபின் 1965 இல் ‘சி’ வகையை ஒழித்து, ஆண்டுக்கு 8,500 சீட்டுகளே என வரையறுத்தது. உழைக்கும் கை வேண்டும், அக்கையைப் பிடித்துவரும் குழந்தை வேண்டாம் என்பதே இதன் உட்பொருள். 1968 இல், தாய் தந்தை இருவரும் அங்கிருந்தாலன்றிப் பிள்ளைக்கு உரிமையில்லை என்றாயிற்று. மறுவருடம், பிரயாணத்துக்கு முன்னரே பிரவேசப் பத்திரம் பெறவேண்டுமென விதித்தனர்; காத்திருப்பு, துறைமுகத்திலிருந்து தாய்நாட்டுத் தூதரக வாசலுக்கு மாறிற்று.