பெயரனுக்கு என்ன பெயர்?

பிள்ளையின் பிள்ளையைப் பேரன் என்றும் பேத்தி என்றும் அழைக்கிறோம். இச்சொற்களின் பழைய உருவம் பெயரன், பெயர்த்தி என்பன. பாட்டனுடைய பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயரிடும் முறையையும் வைத்துப் பூட்டிய மொழி நம்முடையது. முதற் பராந்தக சோழனின் மகன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன் மீண்டும் ஒரு பராந்தகன். அவனையே சுந்தர சோழன் என்று அறிகிறோம். அரண்மனையில் நடந்ததே அடுத்த தெருவிலும் நடந்தது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக ஒரே பெயர் வீட்டுக்குள் சுற்றி வந்தது.

இவ்வழக்கு ஒருவரும் மீறாத வழக்காய் இருந்திருப்பின் இன்று நாம் பேசுவதற்கு ஒன்றும் இராது. தில்லிக் கரோல்பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் வாழும் நம்மவர், பிறந்த பிள்ளைக்கு எவரும் கேட்டிராத பெயர் ஒன்று வேண்டுமென்று தேடுகின்றனர்; பெயர் பழையதாயின் அதன் எழுத்தையேனும் புதிதாக்குகின்றனர். ஊரிலிருந்து வந்த பாட்டி, “இதென்ன விநோதம்?” என்று வியக்கிறாள். விநோதந்தான், ஆனால் புதிதன்று. விநோதப் பெயர் எதையும் சற்றே சுரண்டிப் பார்த்தால் அது வைக்கப்பட்ட காலத்தின் அச்சமோ நன்றியோ கோபமோ அடியில் தெரியும்.

ஊரை விட்டுச் சென்ற தமிழன் தன் பெயரை எழுதி வைத்த செய்தி மிகப் பழையது. எகிப்து நாட்டின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் கிடைத்த பானையோடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளன. பெரெனிகே என்னும் மற்றொரு துறையில் கிடைத்த ஓட்டில் கொற்றபூமான் என்பானின் பெயர் இருக்கிறது. இவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. கீழடியில் கிடைத்த ஓடுகளிலோ ஆதன், குவிரன் என்பன காணப்படுகின்றன. இவற்றுள் கண்ணனை மட்டுமே நம் பாட்டிமார் வியப்பின்றி ஏற்பர்.

பெயர்ப் பட்டியல் என்றால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஈடு வேறில்லை. ஏறத்தாழ 1014ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு ஒன்று, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒருவர் பின் ஒருவராகக் குறிக்கிறது. இன்ன தெருவில், இன்ன சிறகில், இத்தனையாவது வீட்டில் இருப்பவள். இன்ன கோயிலிலிருந்து வந்தவள். அவள் பெயர் இது. அவளுக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்று முறையாகச் சொல்லிச் செல்கிறது. நக்கன் என்னும் முன்னொட்டுக்குப் பின்னே வரும் பெயர்களைப் பாருங்கள்: சேரமங்கை, சோழகுலசுந்தரி, ஏகவீரி, எடுத்தபாதம். எடுத்தபாதம் என்றால் தூக்கிய திருவடி. கூத்தப் பெருமானின் நடனக் கோலமே ஒரு பெண்ணுக்குப் பெயராயிற்று. இன்று அப்பெயரைப் பள்ளியில் ஒரு குழந்தை சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்ட பெண்களும் அப்பட்டியலில் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்தவர்க்கு ஊர்ப்பெயர் எத்துணை ஆறுதல் தந்திருக்கும் என்பதை நாம் அறிவோம்.

அழகுக்கும் பக்திக்கும் வைத்த பெயர்கள் இவை. அச்சத்தால் வைத்த பெயர்கள் வேறு வகை. பிறக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் இறந்த வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால் தாய்க்கு மகிழ்ச்சியைவிட நடுக்கமே மிகுதி. நல்ல பெயர் இட்டால் கூற்றுவனின் கண் படுமே! ஆகவே குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, அயல்வீட்டாள் ஒருத்தியை எடுக்கச் சொல்லி, அவளிடமிருந்து பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினர். அப்பிள்ளையே குப்பன், குப்பாயி, குப்புசாமி. இரந்து பெற்றதாகக் கருதப்பட்ட பிள்ளை பிச்சை. “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று நாம் இன்றும் பிள்ளைகளைக் கேலி செய்கிறோம். அக்கேலிக்கு அடியில் எத்தனை தாய்மாரின் கண்ணீர் உறைந்து கிடக்கிறது என்பதை நினைப்பதில்லை. வேங்கட மகாலிங்கமாய்ப் பெயர் பெற்றுப் பிச்சையாய் அழைக்கப்பட்ட பிள்ளையே பின்னர் ந. பிச்சமூர்த்தி என்று புகழ்பெற்ற எழுத்தாளரானார்.

இது தமிழர்க்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். நாம் சென்று வாழும் நாடெங்கும் இவ்வழக்கு நமக்கு முன்பே குடியிருக்கிறது. வங்காளத்தில் மூன்று சோழிக்கு வாங்கிய பிள்ளை தின்கோரி. ஐந்து சோழிக்கு வாங்கியவன் பாஞ்ச்கோரி. மராட்டியரில் தோண்டு, தக்டு என்னும் பெயர்களுக்குக் கல் என்பதே பொருள். கல்லை எமன் என்ன செய்வான்? 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் முசாபர்பூரில் தூக்கிலேறிய இளைஞர் குதிராம் போஸை அனைவரும் அறிவர். அவருக்கு முன் பிறந்த ஆண்மக்கள் இறந்துபட, மூத்த சகோதரி மூன்று பிடி நொய்யரிசி கொடுத்து அவரைத் தாயிடமிருந்து வாங்கினாள். வங்க மொழியில் நொய்க்குக் ‘குத்’ என்று பெயர். அதனால் அவர் குதிராம். மேதினிப்பூரின் நொய்யும் நம் ஊர்த் தவிடும் ஒரே உரலில் குத்தியவை அன்றோ!

சாவை ஏய்க்க வைத்த பெயரில் அன்பு உண்டு. பெண்ணை ஏய்க்க வைத்த பெயரில் அது இல்லை. பெண்குழந்தைகள் தொடர்ந்து பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்ட வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்துவந்தது. அடுத்ததாவது ஆணாய்ப் பிறக்கும் என்பது நம்பிக்கை. மராட்டிய நாட்டில் இதே பொருளுடைய பெயர் நகுசா. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சாதாரா மாவட்டத்தில் விழா எடுத்து, நகுசா என்று பெயர் பெற்றிருந்த 285 சிறுமியருக்குப் புதுப்பெயர் வழங்கினர். வருகைப்பதிவின்போது ஒவ்வொரு நாளும் “வேண்டாதவள்” என்று அழைக்கப்பட்டு, “உள்ளேன்” என்று விடை சொன்ன பிள்ளைகள் அவர்கள். பெயரிடுதல் பெற்றோரின் விளையாட்டு என்று சொல்வோர் இதைக் கருத வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் பெயரின் காற்று வேறு திசையில் வீசியது. சிறை மீண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமத்தைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதிக்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய அரசை எதிர்த்துக் கப்பல் ஓட்டியவர், ஓர் ஆங்கிலேயரின் பெயருக்கு ஈசுவரனைச் சேர்த்துத் தமிழ்க் குழந்தைக்குச் சூட்டினார். எழுத்தை வளைத்துப் பெயர் சமைக்கும் கலையில் இதனினும் இனிய சான்றை நாம் கண்டதில்லை.

1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், தம்மை மறைமலை ஆக்கிக்கொண்டதோடு நில்லாது வீட்டுப் பிள்ளைகளின் பெயரையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆயினார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆயினார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆயினார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆயினார். இவற்றுள் மணிமொழி நாட்டில் பரவியது. அறிவுத்தொடர்பு பரவவில்லை, பொருள் சரியாயிருந்தால் மட்டும் போதாது, வாயில் உருள வேண்டும் என்பதை அடிகளார் இல்லமே காட்டிவிட்டது. பின்வந்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். பெரியார் 1932இல் சோவியத் நாட்டைக் கண்டு திரும்பியபின் ரஷ்யா, மாஸ்கோ என்னும் பெயர்கள் தமிழ்த் தொட்டில்களில் கிடந்தன. 1953ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் மு. கருணாநிதிக்கு மகன் பிறந்தார். 5ஆம் நாள் மாஸ்கோவில் ஸ்டாலின் மறைந்தார். குழந்தைக்குப் பெயர் அமைந்துவிட்டது.

இவற்றினும் ஆழ்ந்த மாற்றம் ஒன்று ஓசையின்றி நிகழ்ந்தது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் வரும் சாதிப்பட்டத்தை விடுமாறு தீர்மானித்தது. காலப்போக்கில் தமிழர் பெயரின் வால் உதிர்ந்தது. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே தலையில் நின்றது. தமிழகத்தில் அது போதுமானது. எல்லை தாண்டியதும் நம் தொல்லை தொடங்குகிறது. பிற மாநிலத்து அலுவலகத்தில் படிவம் நீட்டுகிறார்கள். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அது நமக்கு இல்லை என்றால் எழுத்தர் நம்மை ஐயத்தோடு பார்க்கிறார். முடிவில் அப்பாவின் பெயர் அக்கட்டத்தில் இறங்க, “வணக்கம், சுப்பிரமணியன் அவர்களே” என்று அப்பாவின் பெயரால் மகனை வரவேற்கிறார்கள். நம்முள் பலர் இவ்வாறு தந்தையாராகவே பணி ஓய்வு பெற்றவர்கள்.

இதில் நமக்குத் துணை பெரியோர் உளர். கல்கத்தாவுக்கு 1907இல் கணக்குத்துறை அதிகாரியாய்ச் சென்ற இளைஞர் வெங்கடராமன். அப்பெயர் இரண்டாய் வெட்டுண்டு, முன்னே தந்தை சந்திரசேகரனின் எழுத்தும் சேர்ந்து, சி. வி. ராமன் ஆயிற்று. 1928இல் அவர் கண்ட உண்மைக்கு உலகம் பாதிப் பெயரையே இட்டு ராமன் விளைவு என்றது. அவருடைய தமையனார் சுப்பிரமணியன் லாகூரில் பணியாற்றியபோது 1910இல் மகன் பிறந்தார். மூத்த ஆண்பிள்ளைக்குப் பாட்டன் பெயர் என்னும் முறைப்படி சந்திரசேகர் என்று பெயரிட்டனர். இயற்பியலில் 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அவரை அமெரிக்க நண்பர்கள் சந்திரா என்று சுருக்கினர். 1999இல் விண்ணில் ஏற்றிய எக்ஸ் கதிர் நோக்ககத்துக்கும் அப்பெயரையே வைத்தனர். 2015இல் கூகுள் நிறுவனத்தின் தலைமை ஏற்ற மதுரைக்காரரின் இயற்பெயர் பிச்சை சுந்தரராஜன். முன்னே நின்ற தந்தை பெயர் பின்னே சென்று அவர் சுந்தர் பிச்சை ஆனார். குப்பனுக்குத் தம்பியான அப்பெயரை உலகு முழுதும் மரியாதையோடு உச்சரிக்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். லதா, கீதா, பாரதி என்பவற்றை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நாம் டி எழுத்துக்குப் பின் எச் சேர்க்கிறோம்; வடவர் சேர்ப்பதில்லை. நம் பெற்றோரின் கற்பனை என்று இதை அவர்கள் நகைப்பதுண்டு. காரணம் எளியது. தகரமும் டகரமும் நமக்கு வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. மூச்சொலி எழுத்து தமிழில் இல்லாமையால் எச் வேலையின்றி இருந்தது. அதைத் தகரத்துக்குக் கொடுத்தோம். வடமொழிகளிலோ மூச்சொலித் தகரம் தனியே உண்டு. அதற்கு எச் தேவைப்பட்டது. ஆகவே அவர்கள் நம் லதாவைப் படிக்கும்போது இல்லாத மூச்சு ஒன்று உள்ளே புகுகிறது. இதில் பிழை எவர் மீதும் இல்லை.

எண்கணிதத்தால் எழுத்து மாறுவது மற்றொரு கதை. கீரோ என்னும் புனைபெயர் கொண்ட அயர்லாந்துக்காரர் பரப்பிய முறையில் எச் எழுத்துக்கு மதிப்பு 5. ஏ எழுத்துக்கு 1. ஒன்பது என்னும் மதிப்பு எவ்வெழுத்துக்கும் இல்லை. 2001இல் ஜெயலலிதா தம் ஆங்கிலப் பெயரின் இறுதியில் மேலும் ஓர் ஏ சேர்த்துக்கொண்டதை நாடறியும். 247 எழுத்துடைய மொழியார் நற்பேற்றை 26 எழுத்துக்குள் எண்ணிப் பார்க்கின்றனர்! அரசே முயன்றாலும் எழுத்துக்கூட்டல் எளிதன்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டுச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது.

எல்லாவற்றிலும் இடர்ப்படுவது ழகரம். யாழினி, எழில், கயல்விழி, தமிழ்ச்செல்வி என்று விரும்பிப் பெயரிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இசட், எச் என்னும் ஈரெழுத்தை இடுகிறோம். வட மாநில ஆசிரியை அதைப் பார்த்ததும் யாழினி ‘யாஜினி’ ஆகிறாள். கயல்விழி ‘விஜி’ ஆகிறாள். வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாய் இரண்டு பெயரோடு வளரும் குழந்தைகள் நம்மிடையே எத்தனை! சில ஆண்டுகளில் வீட்டுக்கு வந்தும் அக்குழந்தை தன்னைப் பள்ளியின் ஒலியாலேயே சொல்லிக்கொள்கிறது.

இதற்கென ஒரு வழி முன்பே செய்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1966ஆம் ஆண்டில் நடுவண் அரசின் இந்தி இயக்ககம், பிற இந்திய மொழிகளின் ஒலிகளையும் குறிக்கத்தக்க விரிவாக்கிய தேவநாகரியை வெளியிட்டது. அதில் ளகரத்தின் கீழ் ஒரு புள்ளி இட்டு நம் ழகரத்துக்கு இடம் தந்தனர். இன்றைய கணினி எழுத்துத் தொகுதியிலும் அவ்வெழுத்து உண்டு. இந்திச் செய்தித்தாளில் அதைக் காண்பது அரிது. தில்லியிலோ போபாலிலோ லக்னோவிலோ தம் பிள்ளையின் பிறப்புச் சான்றிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அப்புள்ளியை இடச் சொல்லிக் கேட்டுப் பெற்ற பெற்றோர் எவரேனும் இருப்பின், அவர்கள் அதை எங்ஙனம் பெற்றார்கள் என்று எழுதியனுப்புமாறு நேயர்களை வேண்டுகிறோம்.