பாட்டின் உரிமையும் கருவியின் உரிமையும்

வீட்டுக்கும் நிலத்துக்கும் மட்டுமன்று, பாட்டுக்கும் புதிய கருவிக்கும்கூடச் சொந்தக்காரர் உண்டு. பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை. கருவிக்கு உள்ளது பேட்டண்ட் என்னும் கண்டுபிடிப்புரிமை. இவை இரண்டும் ஒன்றல்ல.

முதலில் பாட்டைப் பார்ப்போம். மகாகவி பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு எழுந்தது. பாரதியை மக்களுக்குக் கொடுங்கள் என்று தமிழகம் குரல் கொடுத்தது. 1949-இல் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர் பொதுமக்களுக்கே வழங்கியது. ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கு அவர் எழுதிய சொற்களைப் பற்றியது. விடுதலை என்னும் கருத்தை யாரும் பாடலாம்.

இனி ரப்பர். பண்டமாரானுக்கு அருகிலுள்ள கிள்ளான் துறைமுகம் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நம் முன்னோர் மரம் சீவி எடுத்த ரப்பர் அங்கே கப்பலேறியது. பக்குவப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் கலந்து சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். அவர் தம் நாட்டில் 1844-இல் பேட்டண்ட் பெற்றார். ஆனால் இங்கிலாந்தில், குட்இயரின் மாதிரித் துண்டுகளை ஆராய்ந்த தாமஸ் ஹான்காக் 1843-இலேயே விண்ணப்பித்துவிட்டார். அந்நாட்டு உரிமை அவருக்கே போயிற்று. குட்இயர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார்.

இதுதான் வேறுபாடு. பேட்டண்ட் செய்முறையையே காக்கும். ஆனால் கேட்டுப் பெறவேண்டும். செய்முறையை முழுவதும் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நம் நாட்டில் அதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பிறகு அது ஊர்ச் சொத்து. பதிப்புரிமைக்கோ மனுப் போட வேண்டியதில்லை. எழுதியவர் ஆயுள் முழுவதும், அதற்குப்பின் 50 ஆண்டும் அது நிற்கும். ஆனால் வாயால் பாடினால் மட்டும் போதாது. எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைக்கவேண்டும்.

ஆகவே, பாட்டியின் தாலாட்டில் அவரே கட்டிய அடிகள் இருந்தால், பெயரும் தேதியும் இட்டு எழுதி வையுங்கள். மகன் புதுவகை உளி செய்தால், நாலு பேருக்குக் காட்டுமுன் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உழைப்புக்குக் கூலி கேட்பதுபோல், அறிவுக்கும் உரிமை கேட்கலாம்.